பால் டின்னும் ராஃபியா கயிறும்

1970-ஆம் ஆண்டு. பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். வெள்ளிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. கெடாவில் வார விடுமுறை அன்றுதான். தோட்டத்து முச்சந்தியில் இருந்த சீனர் கோப்பிக் கடையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எக்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர் பலகைக்கு அடியில் குனிந்து காலிப் பால் டின் ஒன்றை எடுக்கிறார். டின் மூடியை அவர் முழுக்க வெட்டி எறிவதில்லை. ஒரு விரற்கடை ஒட்டவிட்டு, மேலே நிமிர்த்தி, அதில் ஆணியால் துளை போட்டு வைத்திருப்பார். துளையில் கோத்த கயிறுதான் கைப்பிடி. கறுத்த கோப்பி டின்னின் கழுத்துவரை வந்து நிற்கும். பால்வெட்டு முடித்து வரும் அப்பாவுக்கு அது.

"ஆட்டாம கொண்டா. வழியில யார் கூடவும் நின்னு பேசாத" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கயிறு விரலை அறுக்கும். டின் முழங்காலில் பட்டால் சுரீர் என்று சுடும். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் கையை மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். கோப்பி மங்குக்கு மாறியதும் டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த டின்னுக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். அரிசிப் பானைக்குள் கிடந்த அளவைக்குப் பெயரே டின்தான், "இன்னைக்கு மூணு டின் போடவா, நாலு போடவா?" என்பது அந்த வீட்டில் தினமும் கேட்ட கேள்வி. இன்னொரு டின்னில் மிளகாய் நாற்று நின்றது. இன்னொன்று மண்ணெண்ணெய் விளக்கானது. துருவேறி அடி கழன்ற டின்தான் குப்பைக் குழியைப் பார்த்தது.

அந்தச் சிறுமிக்கு இப்போது 64 வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானில், மலிவு விலை வீடொன்றில் இருக்கிறார். அக்கம்பக்கத்தார் அவரை அக்கா என்பார்கள். கடைத் தம்பிகளுக்கு அவர் ஆன்ட்டி. கடைக்குப் போகும்போது கையில் தூக்கோடு போகிறவர் என்று அந்தத் தாமானில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தூக்கு அவர் கைக்குத் திரும்பி வந்த கதையில் பாதி பால் டின்னில் இருக்கிறது. மறுபாதி, 2018 இறுதியில் அவர் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்த ஒரு நாற்றத்தில்.

தோட்டத்தில் யாரும் சுற்றுச்சூழல் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த எல்லாவற்றுக்கும் ஒரு ஏனம் இருந்தது. எண்ணெய் வாங்க ஒரு போத்தல், அதன் கழுத்தில் ஒரு கயிறு. மண்ணெண்ணெய்க்கு வேறு போத்தல். இரண்டும் மாறிவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சீனியும் பருப்பும் மளிகைக் கடைத் தவுக்கேயின் கையில் காகிதப் பொட்டலமாகும். கூரையிலிருந்து தொங்கும் நூலுருண்டையைச் சரசரவென்று இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, பல்லாலோ விரலாலோ அறுத்து நீட்டுவார். கணக்கு 555 என்று அட்டையில் அச்சடித்த குட்டி நோட்டில் ஏறும். சம்பளத்தன்று தீரும், தீராமலும் போகும். பொட்டலத்தைப் பிரித்த பிறகு அந்தத் தாள் 'தமிழ் நேசன்' என்றால் அதைப் படிக்க அண்ணனுக்கும் அவருக்கும் போட்டி. 1924-இல் தொடங்கி 2019 பிப்ரவரியில் நின்றுபோன அந்த நாளேட்டை அவர் முழுசாகப் படித்ததைவிடப் பொட்டலமாகப் படித்ததுதான் அதிகம்.

மலாய்க்காரக் கம்பத்திலிருந்து ஒரு மக்சிக் தாப்பாய் கொண்டுவருவார். புளிக்கவைத்த புட்டரிசி அது. கெடாவில் அதை மடிப்பது ரப்பர் இலையில். காலையில் அம்மா உளி போட்ட அதே மரத்தின் இலை, மாலையில் தின்பண்டம் சுற்றி வீட்டுக்கு வரும். கோய்த்தியோ வறுப்பவர் பாக்கு மட்டையை விரித்து அதில் கொட்டி மடித்துக் கொடுப்பார். சூட்டில் மட்டை வெந்து ஒரு வாசம் வரும். நாசி லெமாக் வாழையிலையிலும் செய்தித்தாளிலும் வரும். தீபாவளி முறுக்கு, பிஸ்கட் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்த பெரிய சதுர டின்னில் இருக்கும். ஒரு டின் பத்துத் தீபாவளியைப் பார்த்துவிடும்.

தோட்டத்துக்கே உரிய ஏனம் என்றால் தூக்குதான். விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுந்துவிடுவார். பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் தூக்கில் சோறோ ரொட்டியோ, மேல் தட்டில் கருவாட்டுச் சம்பல், தனியாக ஒரு போத்தலில் தேத்தண்ணி. தோளில் காண்டா, இரண்டு பக்கமும் வாளி, ஒரு வாளிக்குள் தூக்கு. நிரை வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகுமுன் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறும்போது எறும்பு ஏறாமல் காத்தது அந்த மூடியின் இறுக்கம். மூடி தளர்ந்த தூக்கைச் சந்தை நாளில் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து நசுக்கைத் தட்டிச் சரிசெய்வார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் சாம்பல், மீன் முள், வாழையிலை, தேங்காய்ச் சிரட்டையின் உடைசல், அபூர்வமாக ஒரு கண்ணாடித் துண்டு. பத்து வீட்டுக் குப்பைக்கும் அந்த ஒரு குழி போதுமாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்கிக் காட்ட அவர் சம்மதிப்பதில்லை. அது முக்கியமான விஷயம். குறைவாகக் குப்பை போட்டதற்கு முதல் காரணம், குப்பையாக்க ஒன்றும் இல்லாததுதான். குழாயில் தண்ணீர் வந்தது குறித்த நேரத்தில் மட்டும். இரும்பு வாளியில் பிடித்து லயத்தின் கடைசி வீடுவரை சுமக்க வேண்டும். வாளியே பாதிக் கனம். சம்பளத்தன்று தோட்டத்துக்கு வந்த வியாபாரியிடம் அம்மா முதன்முதலாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி வாங்கிய நாளை அவரால் மறக்க முடியவில்லை. அன்றிரவு அம்மா அதை ஒரு விரலில் தூக்கித் தூக்கிக் காட்டினார். இடுப்பு வலி குறைந்தது அந்த வாளியால்தான். அது விரிசல் விட்டபோது கத்தியை அடுப்பில் சூடேற்றி, விரிசலின் மேல் தேய்த்து உருக்கி ஒட்டினார்கள். கறுப்புத் தழும்புகளோடு அந்த வாளி இன்னும் எட்டு ஆண்டுகள் உழைத்தது.

பிளாஸ்டிக்கை மொத்தமாகத் திட்டுகிற பேச்சுகள் இந்த வாளியை மறந்துவிடுகின்றன. எட்டு ஆண்டு உழைத்த வாளியும் எட்டு நிமிடம் கோப்பி சுமந்த பையும் ஒரே சரக்கில் செய்தவையாக இருக்கலாம். வீட்டில் அவற்றின் இடம் ஒன்றல்ல.

எட்டு நிமிடப் பை தோட்டத்துக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். ஒரு வெள்ளிக்கிழமை பால் டின்னைக் காணோம். கடைக்காரர் ஒளி ஊடுருவும் பையில் கோப்பியை ஊற்றி, வாயைச் சுருக்கி, இளஞ்சிவப்பு ராஃபியா கயிற்றால் ஒரு சுருக்குப் போட்டுக் கொடுத்தார். ராஃபியா என்பது ஒரு காலத்தில் பனை வகை மரத்தின் நாருக்குப் பெயர். கடையில் உருளையாகத் தொங்கியதோ பிளாஸ்டிக். சிறுமிக்கு அது திருவிழாவாக இருந்தது. முழங்கால் சுடவில்லை. சிந்தவில்லை. உறிஞ்சுகுழல் வேறு கொடுத்தார்கள்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பையைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப்புப் போட்டுக் காயவைத்தார். ராஃபியாவை அவிழ்த்துச் சுவரில் ஆணியில் மாட்டினார். பாவாடைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் வெள்ளைப் பைகள் காற்றில் உப்பி ஆடிக்கொண்டிருந்தன. எல்லா லயத்திலும் அப்படித்தான். நல்ல பொருளை ஒரு தடவை புழங்கிவிட்டு எறிவது என்பது அந்தப் பெண்களின் கைக்கு வராத வேலை. எண்பதுகளில் பைகள் கொடியைத் தாண்டிப் போயின. ஆணியில் மாட்டிய ராஃபியா தலைமுடிக் கற்றைபோல் பருத்தது. ஒருநாள் அம்மா கழுவுவதை நிறுத்திக்கொண்டார். எந்த நாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

அதற்குள் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். தோட்டங்களின் ஓரங்கள் தாமான்களாயின. கெடாவின் தெற்கில் சுங்கைப் பட்டாணியும் கூலிமும் தொழிற்சாலை ஊர்களாக வளர்ந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். 1992-இல் அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் சுங்கைப் பட்டாணிக்குக் குடிவந்தார்கள். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியபோது தூக்குகளை ஒரு கோணிப் பையில் கட்டி, புது வீட்டில் சமையலறைப் பரணில் போட்டார். 27 ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன.

அவர் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு இறங்குகிறவருக்குப் பிள்ளைகளின் பசியாறல் கடையில்தான். கடைக்காரர் கேட்பார்: "பொங்குஸா, இங்கயேவா?" பொட்டலம் கட்டுவதற்கான மலாய்ச் சொல் தமிழர் வாயில் பொங்குஸ் ஆகிவிட்டது, ஒரு நாளில் அதிகம் புழங்கிய சொற்களில் அதுவும் ஒன்று. கறி ஒரு பை, சம்பல் ஒரு பை, தே ஒரு பை, மூன்றையும் சேர்த்துப் போட ஒரு பை. நாசி லெமாக்கின் வாழையிலை போய்ப் பழுப்புத் தாள் வந்தது. பார்வைக்குக் காகிதம், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. கறி ஊறாமல் காப்பது அந்தப் பூச்சுதான், தாளை மண்ணில் மக்கவிடாமல் தடுப்பதும் அதுவேதான். பாக்கு மட்டையின் இடத்தை வெள்ளைப் போலிஸ்டைரின் பெட்டி பிடித்தது. முறுக்கு, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலுக்குப் போனது. அவருக்கு இதில் குற்ற உணர்ச்சி ஏதும் இருந்ததில்லை. தூக்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தப் பைகள் உதவிதான் செய்தன.

முதல் உறுத்தல் ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது. மூடா ஆறுதான் கெடாவுக்கும் பினாங்கு மாநிலத்துக்கும் எல்லை. பாலத்தைத் தாண்டினால் செபராங் பிறை. தீபாவளிக்குத் துணியெடுக்கவும் நல்லது கெட்டதுக்குச் சாமான் வாங்கவும் சுங்கைப் பட்டாணிக்காரர்கள் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் போவது வழக்கம். பினாங்கு அரசு 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை கிடையாது என்று தொடங்கி, 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளுக்கும் அதை விரித்தது. பை வேண்டுமென்றால் அப்போது 20 காசு. கல்லாவில் இருந்த பெண் "பை வேண்டுமா?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை. பை தானாக வரும். 20 காசு பெரிய பணமில்லை. ஆனாலும் அவர் கொடுக்கவில்லை. சாமான்களைக் கையில் அள்ளிக்கொண்டு காருக்கு நடந்தார். அடுத்த தடவை துணிக்கடைக்காரர் கொடுத்த துணிப் பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கட்டணத்தின் பலமே அதுதான் என்று தோன்றுகிறது. அது பணத்தைப் பிடுங்குவதைவிட, கை தானாக நீளும் அந்த ஒரு நொடியை நிறுத்திவைக்கிறது.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மகள் தமிழ்ப்பள்ளியிலிருந்து 'பயனீட்டாளர் குரல்' இதழ் கொண்டுவந்து கொடுப்பாள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழில் நடத்திய இதழ் அது. 1969-இல் உருவான அந்தச் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ், சீனியையும் பூச்சிமருந்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றி மலேசியர்களை ஓயாமல் எச்சரித்துவந்தவர். 2019 மே 17-இல் காலமானார். பயனீட்டாளர் என்ற சொல்லே அக்காவின் வீட்டில் அந்தச் சங்கத்தால்தான் பழகியது. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்காதீர்கள் என்பது அங்கிருந்து அடிக்கடி வந்த அறிவுரை. அக்கா படிப்பார், தலையாட்டுவார், மறுநாள் காலை மறுபடி பொங்குஸ்.

பிறகுதான் அந்த நாற்றம்.

2018 இறுதியிலிருந்தே இரவு பதினொரு மணிக்குமேல் ஏதோ கருகும் வாடை வரும். முதலில் பக்கத்து வீட்டில் வயர் எரிகிறதோ என்று மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் ஓலை எரிக்கும் புகையை அவருக்குத் தெரியும். ரப்பர்ப் புகைக்கூடத்தின் வாசம் சின்ன வயதிலிருந்து பழக்கம். இது இரண்டும் இல்லை. இனிப்பும் கசப்பும் கலந்து நாக்கில் ஒட்டும் வாடை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். மூச்சிழுப்புக்காரக் கணவர் ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தார்.

காரணம் வெளியே வர நாளானது. உலகத்தின் பிளாஸ்டிக் குப்பையை வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018 தொடக்கத்தில் கதவைச் சாத்தியது. பணக்கார நாடுகளின் கொள்கலன்கள் வேறு துறைமுகம் தேடின. மலேசியா அந்த ஆண்டில் 8 லட்சம் டன்னுக்கும் மேல் பிளாஸ்டிக் குப்பையை இறக்குமதி செய்தது. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம், கெடாவில் சுங்கைப் பட்டாணி என்று ஊரோரங்களில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. நல்ல பிளாஸ்டிக்கைப் பிரித்து, கழுவி, உருக்கி, மணி மணியாக்கி விற்கலாம். அழுக்கேறியதும் பலவகை கலந்ததும் விலைபோகாது. அவற்றை ராத்திரியில் கொளுத்திவிடுவதுதான் மலிவு. திறந்த வெளியில் தாழ்ந்த சூட்டில் பிளாஸ்டிக் எரியும்போது, அதிலும் குளோரின் கலந்த வகைகள் எரியும்போது, டையாக்சின் போன்ற நச்சுகள் கிளம்பும். ஊர் மக்கள் புகார் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், செய்தியாளர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். மூட்டைகளுக்குள் ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, அமெரிக்கக் கடைகளின் பைகளும் பால் போத்தல்களும் இருந்தன. அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் 2019 மே மாதத்தில் சுமார் 3,000 டன் குப்பையை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திரும்பிப் போயிருந்தன.

தாமானில் அதைப் பற்றித்தான் பேச்சு. "வெள்ளைக்காரன் குப்பைய நம்ம தலையில கொட்டிட்டான்" என்று எல்லாரும் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. அக்காவும் கொதித்தார். ஆனால் அமைச்சர் அறிவித்த வாரத்தில் ஒரு ராத்திரி, வாடையில் தூக்கம் வராமல் எழுந்து சமையலறைக்குப் போனவர் தம் வீட்டுக் குப்பை வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் பழைய 'மக்கள் ஓசை' தாள்களை விரித்து, வாளியைக் கவிழ்த்தார். நான்கு நாள் குப்பை. தே பை, கறிப் பை, ரொட்டி உறை, மீன் பை, அந்த மீன் பையைச் சுற்றிய இன்னொரு பை, முட்டை அட்டை, கைவிரல் அளவு சம்பல் பைகள், உறிஞ்சுகுழல்கள், சுருக்கு அவிழாத ராஃபியா முடிச்சுகள். ஒவ்வொன்றாக எண்ணி ஓரத்தில் வைத்தார். 57 வந்தது. வீட்டில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்.

2020-இல், சீனாவையும் தென்கிழக்காசிய நாடுகள் ஐந்தையும் வைத்து உலக இயற்கை நிதியம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறு நாடுகளில் ஆளொன்றுக்கு அதிகமாகப் பிளாஸ்டிக் பொதிகளைப் புழங்குகிறவர்கள் மலேசியர்கள்; ஆண்டுக்கு ஏறக்குறைய 16.8 கிலோ. அதைப் பத்திரிகையில் படித்தபோது அவருக்கு ஆச்சரியம் இல்லை. அவர் ஏற்கெனவே தரையில் விரித்து எண்ணியவர்.

எண்ணிய இரவுக்கு மறுநாள் காலை ஏணி போட்டுப் பரணில் ஏறினார். கோணிப் பை நைந்திருந்தது. நான்கு தூக்குகள். ஒன்றின் அடி ஓட்டை. ஒன்றுக்கு மூடி இல்லை. மற்ற இரண்டையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். அம்மா காட்டுக்குக் கொண்டுபோன தூக்கின் மூடியை அழுத்தினார். காற்று பிதுங்கும் சின்ன ஒலியோடு அது உட்கார்ந்தது.

பசியாறும் கடைத் தம்பிக்கு முதல்நாள் புரியவில்லை. "ஆன்ட்டி, இதுல எவ்வளவு ஊத்தணும்? அளவு தெரியாதே" என்றார். நியாயமான கேள்வி, பை என்றால் அவர் கை அளவு அறியும். "ஒரு பையில ஊத்துறத இதுல ஊத்துங்க தம்பி, மிச்ச இடம் காலியா இருக்கட்டும்" என்றார் அக்கா. தே தாரிக்கைத் தூக்கில் ஊற்றியபோது நுரை மேலே நின்றது. வரிசையில் நின்றவர்களில் ஒரு பெரியவர், "இத எங்க தோட்டத்துல பார்த்தது" என்று சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் பீடோங் பக்கத்துக்காரர். தூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில் இருவருக்கும் தே ஆறிப்போனது.

மீன்காரரிடம் மூடி போட்ட டப்பா. பாசாரில் காய்க்குத் துணிப்பை. பாசார் மாலாமில் பலகாரத்துக்கு இன்னொரு டப்பா. முறுக்குக்குப் பழைய சதுர டின் கிடைக்கவில்லை; மைலோ டின்கள் போதும் என்று முடிவானது. இரண்டு மாதத்தில் மறுபடி எண்ணினார். நான்கு நாளைக்கு 57 இருந்தது 21 ஆகியிருந்தது. அதற்குக் கீழே இறங்குவது கடினமாக இருந்தது, இன்றைக்கும் கடினம்தான். மருந்து அட்டை, எண்ணெய்ப் பாக்கெட், ரொட்டி உறை, அரிசி மூட்டை: இவற்றுக்கு முன்னால் தூக்கு எதுவும் செய்ய முடியாது. அவை ஆலையில் முடிவாகிற விஷயங்கள். வீட்டுப் பெண்ணிடம் மட்டும் பொறுப்பைத் தள்ளிவிட்டு உற்பத்தி செய்கிறவர்கள் ஒதுங்கி நிற்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். 2020-இல் அம்மா படுக்கையில் விழுந்தார். வாளியைச் சூடு வைத்து ஒட்டிய அம்மா, பைகளைக் கொடியில் காயவைத்த அம்மா. ஒன்றரை ஆண்டுகள் பெரியவர்களுக்கான டயாப்பர்தான். ஒரு நாளைக்கு நான்கு. பழைய சேலைத் துணியை மடித்து முதலில் முயன்று பார்த்தார். புண் வந்தது, மகளின் முதுகும் ஒடிந்தது. டயாப்பருக்கே மாறினார்கள். அம்மா போய்ச் சேரும்வரை வீட்டுக் குப்பையின் கனம் பழைய 57 துண்டுகளைத் தாண்டித்தான் இருந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தவில்லை. அதன் பிறகு, பிளாஸ்டிக் பையோடு வருகிற யாரையும் அவர் அதட்டிப் பேசுவதில்லை. அந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ, யார் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறார்களோ.

அவர் பிடிவாதம் பிடித்த இடம் ஒன்று உண்டு. கோயில் அன்னதானம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பந்தி வாழையிலையில்தான். தாமான் கோயிலுக்கு வந்தபோது அது போலிஸ்டைரின் தட்டும், பிளாஸ்டிக் கரண்டியும், மேலே தாள் ஒட்டிய குட்டித் தண்ணீர்க் கோப்பையுமாக மாறியிருந்தது. பூசை முடிந்த மறுநாள் காலை கோயில் வளாகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். கால்வாயில் கோப்பைகள் மிதக்கும். மழை வந்தால் அவை ஆற்றுக்குப் போகும், ஆறு மெர்போக் அலையாத்திக் காட்டுக்குப் போகும்.

நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கலாமே? வாங்க ஆள் இருந்தது. ஒரு குடும்பம் வேண்டுதலாகவே 300 தட்டு எடுத்துக் கொடுக்க முன்வந்தது. தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரம்மா கழுவுறது?"

கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்கள்.

இந்த இடத்தில்தான் ஊருக்கு ஊர் இந்த முயற்சி செத்துப்போகிறது. எறிந்துவிடும் தட்டு வந்தபோது போனது வாழையிலை மட்டுமா? பாத்திரம் தேய்க்கும் வேலையும் போனது, அந்த வேலை பெண்களுடையதாக இருந்தது. தட்டைத் திரும்பக் கொண்டுவந்து, வேலையையும் அவர்கள் தலையிலேயே திரும்பக் கட்டினால் எந்தப் பெண் சம்மதிப்பாள்? அக்கா அதைக் கூட்டத்தில் உரக்கச் சொன்னார். "தலைவரே, முப்பது வருசம் பேக்டரியில நின்ன காலு இது. தட்டு வரட்டும். ஆனா கழுவுறதுக்குப் பேர் எழுதுங்க. மொதல்ல ஆம்பளைங்க பேர எழுதுங்க." சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இளைஞர் பிரிவில் ஒரு பையன் எழுந்து, "நான் வரேன் அக்கா" என்றான். பிறகு இன்னும் நாலு பேர். சாப்பிட்டவர் தம் தட்டைத் தாமே கழுவி வைக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். கடைசியில் முடிவானது அதுதான். மூன்று தொட்டி: ஒன்றில் எச்சில் கழிக்க, ஒன்றில் சோப்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். தொட்டிக்கு இரண்டு ஆள் காவல். முதல் வெள்ளிக்கிழமை தட்டுகள் போதாமல் பந்தி அரை மணி நேரம் நின்றது, முணுமுணுப்பும் இருந்தது. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. தண்ணீருக்குப் பெரிய அண்டாவும் குழாயும் வைத்தார்கள். குட்டிக் கோப்பைகள் மட்டும் திருவிழாவில் உபயகாரர்கள் கொண்டுவந்து இறக்கும்போது இன்னும் தலைகாட்டுகின்றன. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

சட்டங்களும் இடையில் வந்திருக்கின்றன. கெடாவில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பரிலிருந்தே உண்டு: வாரத்தில் இரண்டு நாள் மக்கும் குப்பையும் மிச்சமும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். ஒரு தடவை புழங்கி எறியும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிப்பது என்று 2018-இல் மலேசிய அரசு திட்டம் வகுத்தது. 2025 ஜூலை முதல் பிளாஸ்டிக் குப்பை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்திருக்கிறது. அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையில் சேராத நாடுகளிலிருந்து குப்பை வர முடியாது. தமிழ்நாட்டில் ஒரு தடவை புழங்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில், துணிப்பையைத் திரும்பக் கொண்டுவர 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். அங்கே மஞ்சப்பை என்றால், கெடாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கு. இரண்டுமே ஒரு காலத்தில் ஏழைகளின் அடையாளம் என்று கூச்சப்பட்டு ஒதுக்கிவைத்தவை. அந்தக் கூச்சத்தை உதறுவது சட்டத்தால் ஆகாது.

அக்காவின் பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை காலை தாத்தாவுக்குத் தே வாங்கப் போவது அவன்தான். பாட்டி தரும் தூக்கை முதலில் அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். இப்போது ஆட்டிக்கொண்டே போகிறான். கடைத் தம்பி தம் மேசைக்கு மேலே ஒரு கம்பியில் கொக்கிகள் அடித்து வைத்திருக்கிறார். விடியற்காலையில் வருகிறவர்கள் தூக்கை மாட்டிவிட்டுப் போய், திரும்பும்போது நிரப்பியதை எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் அந்தக் கம்பியில் ஏழு தூக்கு தொங்கியது. அக்காவுடையது அதில் ஒன்றுதான்.

கெடாவில் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் பரணிலோ கட்டிலுக்கடியிலோ ஒரு தூக்கு கட்டாயம் இருக்கும். இந்த வாரம் அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மூடி இன்னும் இறுகுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஓரத்தை மெல்லத் தட்டினால் போதும், சரியாகிவிடும்.